மிச்சச் சோற்று வாளி

பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டின் பின்புறம் ஒரு தகர வாளி இருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததைக் கொட்டுவதற்கான வாளி. ஓய்வு நேரம் முடிவதற்குள் அது தளும்பத் தளும்ப நிறைந்துவிடும். மீ என்கிற பொரித்த நூடுல்ஸ், பாதி கடித்த முட்டை, பாசிப்பயற்றுக் கஞ்சி எல்லாம் மலைக்காற்றில் விறைத்துப்போய்க் கிடக்கும். மத்தியானம் ரிங்லெட் பக்கமிருந்து ஒரு சீனக் கிழவர் மோட்டார் சைக்கிளில் வந்து தன் பன்றிகளுக்கு அதை வழித்துக்கொண்டு போவார். போகும்போது "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சி, சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்.

சந்திரமதி அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த வருஷம் 1982. சொந்த ஊர் சுங்கை சிப்புட். கல்யாணமாகவில்லை. அண்ணன் தம்பிகள், அண்ணிமார்கள், அவர்கள் பிள்ளைகள் என்று எப்போதும் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற வீட்டிலிருந்து, பனி இறங்கினால் பக்கத்து விளக்கும் தெரியாத ஆசிரியர் குடியிருப்புக்கு வந்திருந்தாள். ஐந்தாம் ஆண்டையும் ஆறாம் ஆண்டையும் சேர்த்து ஒரே வகுப்பாக அவளிடம் கொடுத்திருந்தார்கள். அத்தோடு இலவச உணவுத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

ஒருநாள் தலைமையாசிரியர் சாம்பசிவம் அவளை வாளியருகே கூட்டிக்கொண்டு போனார். ஓய்வுபெற அதிக காலம் இல்லாத மனிதர். எந்தச் சங்கடமும் வராமல் நாள் கழிந்தால் போதும் என்றிருப்பவர். அதட்டிப் பேசத் தெரியாது.

"அடுத்த மாசம் இலாகாவுலேர்ந்து ஆள் வராங்க டீச்சர். இதப் பாத்தா என்ன நெனப்பாங்க? அரசாங்கம் குடுக்குற சாப்பாட்ட இப்படிக் கொட்டுறாங்களேன்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்றது? பொருள வீணாக்கக் கூடாதுன்னு பிள்ளைங்க மனசுல பதியற மாதிரி ஒரு பாடம் நடத்துங்க."

சந்திரமதி நன்றாகத் தயார் செய்துகொண்டுதான் போனாள். கரும்பலகை முழுக்கப் படம் போட்டாள். கெடாவில் ஒரு நெல்வயல், அதில் குனிந்து நிற்கும் ஆட்கள், மூட்டை ஏற்றிய லாரி, மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே ஏறி வரும் வளைவுப் பாதை. ஒரு கவளம் சோறு நம் தட்டுக்கு வர எத்தனை பேர் கை படுகிறது என்று சொன்னாள். பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்டார்கள். லாரிக்கு நம்பர் போடச் சொல்லி ஒருவன் ஆசைப்பட்டான், போட்டாள். கடைசியில் "வீணாக்க மாட்டோம்" என்று எல்லாரும் கூரை அதிரச் சொன்னார்கள்.

அன்றைக்கும் வாளி நிறைந்தது.

சந்திரமதி சமையற்கட்டுச் சுவரோரம் நின்று பார்த்தாள். ஆறாம் ஆண்டு வடிவம்மாள்தான் முதலில் வந்தாள். வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்பிலேயே உயரமான பெண், கணக்கில் கெட்டி. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். தட்டை வாளியின் விளிம்பில் சத்தம் வரத் தட்டி, மிச்சத்தையெல்லாம் உதறிவிட்டு, நிமிர்ந்து நடந்து போனாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அடுத்தவளைப் பார்த்து அதற்கடுத்தவன். அன்று சந்திரமதி அவர்களைக் கடிந்துகொண்டாள். கேட்டுக்கொண்டார்கள். மறுநாளும் கொட்டினார்கள்.

பாடத்தை வேறு பக்கத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நேத்து உங்க வீட்டுல என்னென்ன தூக்கிப் போட்டாங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

பிள்ளைகள் யோசித்தார்கள். ரொம்ப நேரம் யோசித்தார்கள்.

"ஒண்ணும் போடலியே டீச்சர். காய்த் தோலு கோழிக்கு."

"பழைய சோறு காலைல தண்ணி ஊத்தித் தின்னுடுவோம்."

"மைலோ டின்னுல அம்மா ரோசாச் செடி வச்சிருக்காங்க."

"எங்க தாத்தா கால்ல போடுற சப்பாத்து பிஞ்சுபோச்சு டீச்சர். அதுல கோழி முட்டை போடுது. எடுக்க வுடாதுலா, கொத்தும்."

வகுப்பு சிரித்தது. சந்திரமதியும் சிரித்தாள். வீட்டில் ஒரு கிழிந்த துணியைக்கூட வீணாக்காத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் தட்டுத் தட்டாகக் கொட்டுகிறார்கள் என்று அவள் குழம்பி நிற்கும்போது, முன் வரிசையிலிருந்து நீலா கையைத் தூக்கினாள். தோட்டத்துக் கிராணியின் மகள். ஆபீசில் கணக்கெழுதுகிறவரின் வீட்டுப் பிள்ளை என்பதால், அவளுக்குத் தினமும் வீட்டிலிருந்து டிபன் வரும்.

"நீங்க நேத்து என்ன கொட்டுனீங்க டீச்சர்?"

குறும்பாகக் கேட்கவில்லை. எல்லாரும் சொல்லிவிட்டார்கள், இனி டீச்சர் முறை என்பதுபோலத்தான் கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பின் வரிசையில் யாரோ ஒருவன் "டீச்சர் வீட்டு நாயி" என்று முணுமுணுத்ததும், பக்கத்திலிருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டதும் அவள் காதிலும் கண்ணிலும் பட்டன. குடியிருப்புக்குப் பின்னால், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து நாய்கள் தினமும் வந்து காத்துக் கிடப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

"சோறு கொட்டுனேன்," என்றாள் சந்திரமதி. "கத்தரிக்காக் கொழம்பும்."

நீலா இன்னும் கையை இறக்கவில்லை.

"ஏன் டீச்சர்?"

"எங்க வீட்டுல நாங்க ஒரு கூட்டம். அம்மாகூட நின்னு சமைச்சே பழகிட்டேன். அரிசிப் பானைக்குள்ள கைய விட்டா, கை அந்தக் கணக்குலதான் அள்ளுது. இங்க நான் மட்டுந்தான்னு கைக்குத் தெரியல. ஒருத்திக்கு எப்படி ஆக்குறதுன்னு எனக்கு இன்னும் வரல."

சொல்லி முடித்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. "ஐயோ, பாவம் டீச்சர்" என்றது ஒரு குரல்.

அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் வாய் திறந்தார்கள். முட்டையின் மஞ்சள்கரு தொண்டையில் அடைக்கிறது என்றான் ஒருவன். அதைப் பிடிக்காதவர்களுக்கும் கேட்காமலே வைக்கிறார்கள். "என் தம்பி ஒண்ணாம் ஆண்டு டீச்சர். எனக்குப் போடுற அளவத்தான் அவனுக்கும் போடுறாங்க. அவன் வயித்துல எங்க எடம்?" என்றாள் ஒருத்தி. வரிசை நகர்ந்து தட்டு கைக்கு வருவதற்குள் கஞ்சி பசை மாதிரி ஆகிவிடுகிறது என்றார்கள். சந்திரமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வடிவு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பள்ளி விட்டதும் பனி இறங்கியிருந்தது. லயத்துக்கு இறங்குகிற பாதையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, சந்திரமதியின் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வடிவு ஓடி வந்து கூடச் சேர்ந்துகொண்டாள். 

"நான் ஏன் கொட்டுறேன்னு நீங்க கேக்கவே இல்லியே டீச்சர்."

"சொல்லணும்னு தோணுனா நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

வடிவு ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலுக்கிடையே உருட்டினாள். "நாங்க தட்டத் தூக்கிட்டு வரிசையில நிக்கிறோம். நீலாவும் அவங்கல்லாம் மரத்தடியில டிபனத் தொறந்து வச்சிக்கிட்டு எங்களயே பாக்குறாங்க. தட்டக் காலி பண்ணா, வீட்டுல ஒண்ணுமில்லாம வந்தவன்னு நெனப்பாங்கல்ல? கொஞ்சம் கொட்டுனாத்தான்..."

"கொட்டுனாத்தான்?"

"பசிக்கலன்னு தெரியும்."

சந்திரமதி நின்றுவிட்டாள். "காலைல என்ன சாப்புட்டம்மா?"

"தேத்தண்ணி. அம்மா விடியறதுக்கு முன்னாடியே, வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுக்குப் போயிடும். கொட்டுறப்ப வயிறு இழுக்கத்தான் செய்யும் டீச்சர். ஆனா கொட்டிட்டா நிமிந்து நடக்கலாம்."

தான் கரும்பலகையில் போட்ட படம் சந்திரமதிக்கு நினைவு வந்தது. வயல் இருந்தது, லாரி இருந்தது, மலைப்பாதை இருந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இந்தப் பெண் அதில் இல்லை. வடிவின் கையைப் பிடித்தாள். பனியில் சில்லிட்டுக் கிடந்தது. லயம் வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

அப்படியே அம்மாக்கண்ணுவின் வீட்டுக்குப் போனாள். அம்மாக்கண்ணு பள்ளிக்கூடத்தின் சமையல்காரி. கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவள், மழை நாளில் சரிவில் விழுந்து இடுப்பு நொந்துபோனதால் இந்த வேலைக்கு வந்தவள். வாளி என்ற பேச்சை எடுத்ததுமே அவள் முகம் சுண்டிவிட்டது.

"நான் அந்தப் பக்கம் திரும்புறதே இல்ல டீச்சரம்மா. எம்புருசன் மகாக் கோவக்காரரு. அவருகூட ஒரு நாளும் நான் ஆக்குன சோத்தக் கொட்டுனதில்ல. இந்தச் சின்னஞ்சிறுசுங்க கொட்டுதுங்க. நெத்திலி கூடப் போட்டுப் பாத்தேன், தேங்காப்பால் கூட ஊத்திப் பாத்தேன். என் கைப்பக்குவம் போயிடுச்சு போலருக்குன்னு தெனமும் படுத்தா அதே நெனப்புதான்."

"உங்க கையில ஒரு கொறையும் இல்லக்கா," என்றாள் சந்திரமதி. யார் என்று பெயர் சொல்லாமல், காரணத்தை மட்டும் சொன்னாள்.

அம்மாக்கண்ணு அசையாமல் கேட்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப, சோறு நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு."

சாம்பசிவம் சாரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைக்கலாம், டிபன் கொண்டுவருகிறவர்கள் அதையும் நடுவில் வைக்கட்டும், அவரவருக்கு வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று சந்திரமதி சொன்னபோது, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"இது ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு வர்ற சாப்பாடும்மா. கிராணி மகளும் உக்காந்து சாப்புட்டா நாளைக்குக் கேள்வி வரும்."

"அவங்க எடுக்க வரல சார். கொண்டாந்து சேக்குறாங்க. நானும் என் வீட்டுலேர்ந்து கொண்டாரேன்."

"நீங்களா? எதுக்கு?"

"எப்படியும் கூடத்தான் ஆக்குறேன் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொஞ்ச நாள் பாப்போம்" என்றார்.

மறுநாள் காலையில் சந்திரமதி அரிசியை அள்ளும்போது கையைத் தடுக்கவில்லை. அது எவ்வளவு அள்ளியதோ அவ்வளவையும் உலையில் போட்டாள். அந்தக் குடியிருப்புக்கு வந்த பிறகு சமைப்பது முதல்முறையாக அவளுக்குப் பாரமாக இல்லை.

விழாவுக்கு விரிக்கிற பெரிய பாய்களை மண்டபத்தில் விரித்தார்கள். அம்மாக்கண்ணுவின் மீ, சந்திரமதியின் சோறும் பருப்பும், நீலாவின் தோசை, கடைக்காரர் மகன் கொண்டுவந்த ரொட்டி, எல்லாம் வரிசையாக நடுவில் இருந்தன. எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"கண்ணு கேக்குறத எடுக்காதீங்க," என்றாள் சந்திரமதி. "வயிறு கேக்குறத எடுங்க. பத்தலன்னா திரும்ப வந்து எடுத்துக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

முதல் நாள் அமர்க்களம்தான். முட்டைகள் நொடியில் மாயமாயின. பெரிய பையன்கள் இருவர் மலைபோலக் குவித்துக்கொண்டு பாதியில் திணறினார்கள். வாளி வழக்கத்தைவிடக் கூடுதலாகவே நிறைந்தது. சாம்பசிவம் கதவோரம் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அது அவளுக்குத் திட்டு வாங்கியதைவிட அதிகமாக உறுத்தியது. இருந்தாலும் அந்தப் பையன்களிடம் அவள் கோபிக்கவில்லை. "நாளைக்கு எவ்ளோ எடுப்பே?" என்று மட்டும் கேட்டாள். ஒருவன் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினான்.

சொன்னபடியே மறுநாள் எடுத்தான். ஒன்றாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு அக்காமார்கள் சிறிது சிறிதாக வைக்கக் கற்றுக்கொண்டார்கள். மஞ்சள்கரு பிடிக்காதவனும் வெள்ளைக்கரு பிடிக்காத ஒருத்தியும் ஜோடி சேர்ந்து ஒரே முட்டையை முடித்தார்கள். போகப் போக வாளியின் அடி தெரிய ஆரம்பித்தது. சீனக் கிழவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "சிக்கு, புடாக்-புடாக் செமுவா லாப்பார் கா?" என்று கவலையாகக் கேட்டார். டீச்சர், பிள்ளைகளுக்கெல்லாம் அவ்வளவு பசியா என்கிறார். சந்திரமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருடைய பன்றிகளுக்காகக் காய்த் தோலையெல்லாம் சேர்த்துவைக்கும்படி அம்மாக்கண்ணுவிடம் சொன்னாள்.

வடிவு மட்டும் இன்னும் மாறவில்லை. கொஞ்சமாக எடுப்பாள். ஒரு வாய் மிச்சம் வைப்பாள். அந்த ஒரு வாய்ச் சோற்றைத் தட்டின் ஓரத்தில், எல்லாரும் பார்க்கும்படி ஒதுக்கி வைத்திருப்பாள். சந்திரமதி பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

நல்ல மழை பெய்த ஒருநாள். அம்மாக்கண்ணு தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் செய்திருந்தாள். வாசனை வகுப்புவரை வந்துவிட்டது. வடிவு தன் தட்டை முடித்தாள். ஓரத்தில் ஒதுக்கியதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக எழுந்து போய் இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏ வடிவு, அவ்ளோ பசியா?" என்று கேட்டாள் நீலா. சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் சுற்றி இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

வடிவின் கை அப்படியே நின்றது.  எழுந்து போய்விடுவாளோ என்று சந்திரமதி பயந்தாள்.

"ஆமா," என்றாள் வடிவு. "பசி. காலைல ஒண்ணும் திங்கல."

"நானுந்தான். அப்பாகூட சண்ட போட்டுட்டு அப்படியே வந்துட்டேன். நகரு," என்று சொல்லிக்கொண்டே நீலா தன் தட்டோடு வந்து அவள் பக்கத்தில் இடித்து உட்கார்ந்தாள். பிள்ளைகள் திரும்பவும் சாப்பிட ஆரம்பித்தார்கள். மழைச் சத்தத்தில் மற்றது எதுவும் கேட்கவில்லை. சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்ற அம்மாக்கண்ணு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இலாகாவிலிருந்து அதிகாரி வரும் நாள் வந்தது. காலையிலேயே சாம்பசிவம் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, வியர்த்துப்போய் நின்றார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் பழைய மாதிரி இருக்கட்டும் டீச்சர். அவங்க போனதும் உங்க இஷ்டம்."

அவருடைய பயத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சந்திரமதி மறுக்கவில்லை. பாய்களைச் சுருட்டினாள். பிள்ளைகளிடம் சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஓய்வு நேரத்தில் வடிவும் மற்றவர்களும் சமையற்கட்டு வாசலில் தட்டோடு வரிசையாக நின்றார்கள். நீலாவும் மற்றவர்களும் டிபனைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள்.

வந்தவர் ஒரு மலாய்க்கார அம்மாள். வளைவு வளைவான மலைப்பாதை அவரைப் பாடாய்ப்படுத்தியிருந்தது. முகம் வெளுத்து, கைக்குட்டையை வாயருகே பிடித்தபடி, சாம்பசிவம் சொல்லுவதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் தட்டில் வாங்கிக்கொண்டு சமையற்கட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள்.

மரத்தடியில் நீலா டிபனைத் திறந்தாள். மூடினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். எழுந்து நேராகத் தாழ்வாரத்துக்கு நடந்து வந்து, வடிவின் பக்கத்தில் உட்கார்ந்து, தோசையை எடுத்து நடுவில் வைத்தாள். அவள் யாரையும் எதிர்க்கவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கு மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அவள் பின்னால் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். தட்டுகள் நடுவே நகர்ந்தன. கைகள் இங்கும் அங்கும் போய் வந்தன. சாம்பசிவத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி அருகில் வந்தார். உயரமாக உட்கார்ந்திருந்த வடிவைப் பார்த்து, "இனி மக்கானான் சியாப்பா?" என்று கேட்டார். இந்தச் சாப்பாடு யாருடையது என்று கேள்வி.

வடிவு எழுந்து நின்றாள். "கித்தா புன்யா, சிக்கு."

"கமி! கமி புன்யா!" என்று சாம்பசிவம் அவசரமாகத் திருத்தினார். தமிழில் நாங்கள், நாம் என்று இருப்பதுபோலவே மலாயிலும் இரண்டு சொல் உண்டு. எங்களுடையது என்று சொல்ல வேண்டிய இடத்தில், நம்முடையது என்று சொல்லிவிட்டாள் வடிவு. கேட்டவரையும் சேர்த்துக்கொண்டுவிட்டாள்.

வெளுத்திருந்த அந்த முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. நம்முடையது என்றால் எனக்கும் உண்டா என்று கேட்டார் அவர்.

வடிவு தலைமையாசிரியரைப் பார்க்கவில்லை, சந்திரமதியைப் பார்க்கவில்லை. ஒரு சுத்தமான தட்டை எடுத்தாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "பாஞாக் கா, சிக்கிட் கா?" என்று கேட்டாள். நிறையவா, கொஞ்சமா?

"சிக்கிட்," என்றார் அதிகாரி, வயிற்றைத் தடவிக்கொண்டே.

வடிவு கொஞ்சமாக வைத்தாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்தாள். அந்த அம்மாள் காலணியைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்துத் தரையில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். அம்மாக்கண்ணு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அதன் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை.

சாம்பசிவம் மட்டும் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். தினமும் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிற மனிதர்.

"சார், உங்களுக்கு?" என்று கேட்டாள் வடிவு.

அவர் சந்திரமதியைப் பார்த்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, பிள்ளைகள் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார்.

"பாதிக் கரண்டி போடும்மா," என்றார். "போதுமான்னு பாத்துட்டுச் சொல்றேன்."